சொந்தக் குரல் இல்லாத கேமரா

(பொறியியல் கல்லூரி ஒன்றில், மாணவர்களும் ஊர்மக்களும் கூடியிருந்த மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் 'ஆர்எஃப்ஐடி டேக் வழியே எளிய முறையில் வீடியோ அனுப்புதல்' என்று அச்சடித்திருக்கிறார்கள். அதைப் படித்த பிறகும் இத்தனை பேர் வந்திருப்பது எனக்கு வியப்புதான். முன்வரிசையில் இருக்கும் பெரியவர் வாசலிலேயே என்னை மடக்கி, "தம்பி, இது கார்ல ஒட்டுற சமாச்சாரமா?" என்று கேட்டுவிட்டார். ஆமாம் ஐயா, அதேதான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

என் கையில் இருப்பது ஒரு பழைய ஃபாஸ்டேக். காரை விற்றபோது கண்ணாடியிலிருந்து உரித்தது. உரிக்கையில் ஒரு ஓரம் கிழிந்துவிட்டது. நம் பேச்சுக்கு அதுவும் நல்லதாகப் போயிற்று. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே வளைந்து நெளிந்து ஓர் உலோகக் கோலம் தெரியும். அது ஆன்டெனா. கோலத்தின் நடுவில் கடுகில் பாதிகூட இல்லாத ஒரு புள்ளி. அது சிப். பேட்டரி கிடையாது. இதற்குள் இருப்பது அவ்வளவுதான்.

இதை ஒட்டிய புதிதில் சுங்கச்சாவடி ஒன்றில் எனக்கு மானம் போயிற்று. டேக்கைப் படிக்கும் ரீடர் பார்க்கிறது, பார்க்கிறது, தடுப்பு உயரவே இல்லை. பின்னால் லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அங்கே வேலை செய்யும் பையன் கையடக்க ரீடரோடு ஓடிவந்து, கண்ணாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரித்தான். டேக்கின் மேல் பாதியை மறைத்து நான் ஒரு சாமி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தேன். பளபளவென்று மின்னும் உலோகத் தாள் ஸ்டிக்கர். "சார், சாமி குறுக்க நிக்கிறார்" என்றான். ரேடியோ அலைக்கு உலோகம் சுவர் மாதிரி. நானே எழுப்பிய சுவர்.

இந்த டேக்கில் பணம் இருக்கிறது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை. இதில் இருப்பது ஒரு எண். உங்கள் பெயர், வண்டி, மீதித் தொகை, யாருக்கு எவ்வளவு கழிக்க வேண்டும் என்பதெல்லாம் எங்கோ வங்கியின் கணினியில் இருக்கிறது. டேக் தன் எண்ணை மட்டும் சொல்கிறது, மூளை வேலை முழுவதும் எதிர்ப்பக்கம். இந்தப் பங்கீட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் சொல்லப்போவது எல்லாம் இதன் விரிவுதான்.

பேட்டரி இல்லாத டேக் எப்படிப் பேசுகிறது? சின்ன வயதில் உடைந்த கண்ணாடிச் சில்லை எடுத்து, எதிர்வீட்டுத் திண்ணையில் தூங்குகிறவர் முகத்தில் வெயிலைத் திருப்பி அடித்து அடி வாங்காதவர்கள் இங்கே குறைவு. அந்த வெளிச்சம் நம்முடையதா? சூரியனுடையது. நாம் செய்தது கண்ணாடியைத் திருப்பியது மட்டும். டேக் செய்வதும் அதுதான். ரீடர் ஓயாமல் ரேடியோ அலையைப் பாய்ச்சுகிறது. டேக்குக்குள் ஒரு சுவிட்ச் ஆன்டெனாவை ஒரு கணம் அலையை விழுங்க வைக்கிறது, மறுகணம் திருப்பி அடிக்க வைக்கிறது. விழுங்கு, அடி, விழுங்கு, அடி. அந்தத் தாளத்தில் எண் போய்ச் சேர்கிறது. இதைப் பின்சிதறல் என்கிறோம். சொந்தமாக ரேடியோ அலையை உண்டாக்குவதுதான் செலவு பிடித்த வேலை. கண்ணாடியைத் திருப்ப விரல் அசைவு போதும்.

விழுங்கும் அலைதான் சிப்புக்குச் சாப்பாடு. எவ்வளவு கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டில் இந்த வகை ரீடர்கள் 865 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குகின்றன. ஆன்டெனா குவித்து அனுப்புவதையும் சேர்த்து 4 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 மீட்டர் தள்ளி நிற்கும் டேக்குக்கு, ஆன்டெனா நன்றாக அமைந்தால், வந்து சேர்வது சுமார் 200 மைக்ரோவாட். வீட்டில் எரியும் 9 வாட் எல்இடி பல்பின் மின்சாரத்தை இந்த அளவில் பங்கு போட்டால் 45,000 டேக்குகளுக்குக் கொடுக்கலாம். 10 மீட்டருக்குப் போனால் இந்த 200-உம் 50 ஆகிவிடும். அதை மின்சாரமாக மாற்றும்போது பெரும்பகுதி வழியிலேயே போய்விடும். திரும்பி வரும் எதிரொலியின் கதை இன்னும் மோசம்: தூரம் இரண்டு மடங்கானால் ரீடருக்குத் திரும்புவது பதினாறில் ஒரு பங்கு. எண்ணைச் சொல்ல இது போதும். வீடியோ அனுப்ப? சாதாரண வை-ஃபை கேமரா ஒன்றுக்குச் சில நூறு மில்லிவாட்டாவது வேண்டும், அதாவது ஆயிரம் மடங்குக்கு மேல்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை சொல்லாமல் போக முடியாது.

1945 ஆகஸ்டில் மாஸ்கோவில் சோவியத் சிறுவர்கள் அமெரிக்கத் தூதர் அவெரெல் ஹாரிமனுக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை. அழகான வேலைப்பாடு. தூதர் அதைத் தன் வீட்டில் மாட்டிக்கொண்டார். அடுத்தடுத்து வந்த தூதர்களும் கழற்றவில்லை. 1952-இல்தான் உள்ளே ஒரு சாதனம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பேட்டரி இல்லை, கம்பி இணைப்பு இல்லை. ஒரு மெல்லிய சவ்வு, ஒரு சிறு உலோகக் குழிவு, ஒரு ஆன்டெனா. வெளியிலிருந்து ரேடியோ அலையைப் பாய்ச்சினால், அறையில் பேசுகிறவர் குரலுக்கு ஏற்பச் சவ்வு அதிர, திரும்பிப் போகும் அலையில் அந்தப் பேச்சு ஏறிக்கொள்ளும். செய்தவர் லியோன் தெரெமின், தொடாமலே வாசிக்கும் இசைக்கருவியைக் கண்டுபிடித்த அதே ஆள். 1960-இல் அமெரிக்கா இதை ஐ.நா. சபையில் தூக்கிக் காட்டியது. ஹாரி ஸ்டாக்மன் என்ற பொறியாளர், திருப்பி அடிக்கும் அலையால் செய்தி அனுப்புவது பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டது 1948 அக்டோபரில். அப்போது அந்த மரமுத்திரை மூன்று வருடமாகத் தூதர் வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

உளவுக் கதை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தச் சாதனம் பேச்சை எண்ணாக மாற்றவில்லை என்பதைக் கவனியுங்கள். குரல் எப்படி ஏறி இறங்கியதோ அப்படியே அலையிலும் ஏறி இறங்கியது. எண்களுக்குப் பழகிப்போன நாம் அந்த வழியை மறந்தே போனோம். எழுபது வருடம் கழித்து, படத்துக்காக, அதே வழிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் எண்களாலேயே முயன்றார்கள். சியாட்டிலில் இன்டெல் ஆய்வகத்தில் விஸ்ப் என்ற ஒரு டேக் பிறந்தது. எண்ணை மட்டும் சொல்லாமல் வெப்பநிலை, அசைவு போன்றவற்றையும் அளந்து சொல்லும் டேக். அந்த மரபில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜோஷுவா ஸ்மித் குழுவினர் 2015-இல் விஸ்ப்கேம் என்ற பேட்டரியில்லா கேமராவை வெளியிட்டார்கள். 176-க்கு 144 புள்ளிகள், கறுப்பு வெள்ளைப் படம். ரீடரின் அலையைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து ஒரு மின்தேக்கியை நிரப்பிக்கொள்ளும். நிரம்பியதும் ஒரு படம் எடுக்கும். மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகத்தில் அதை எழுதிவைக்கும். பிறகு துண்டு துண்டாக அனுப்பும். தண்ணீர்ப் பஞ்ச காலத்தில் குழாயடியில் சொட்டும் நீரைக் குடத்தில் பிடித்துவைத்து ஒரே மூச்சில் குளித்து முடிப்போமே, அந்த மாதிரி.

அந்தப் படத்தின் எடை என்ன? 176 பெருக்கல் 144, மொத்தம் 25,344 புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 8 பிட். ஒரு டேக் வழக்கமாகத் தன் எண்ணாகச் சொல்வது 96 பிட். அந்த எண் இருக்கும் இடத்தில் படத்தைத் திணித்து அனுப்பினால் ஒரே படத்துக்கு 2,112 முறை ரீடர் கேட்க வேண்டும், டேக் பதில் சொல்ல வேண்டும். நொடிக்கு நூறு முறை என்று வைத்தாலும் 21 நொடி. இதைப் புகைப்படம் எனலாம். வீடியோ என்று சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மாணவர்கள் உடனே, "சார், சுருக்கி அனுப்பலாமே" என்பீர்கள். செல்போன் அப்படித்தானே செய்கிறது? உண்மை. ஆனால் செல்போனில் நடக்கும் சுருக்கம் எப்படிப்பட்டது தெரியுமா? முந்தைய படத்தில் இருந்த மூக்கு இந்தப் படத்தில் எங்கே நகர்ந்தது என்று கட்டம் கட்டமாகத் தேடுகிறது. அனுப்புகிற பக்கம் முதுகு ஒடியும். பார்க்கிற பக்கம் சுகம். டிவி நிலையம் ஒன்று, பார்ப்பவர் கோடி என்ற உலகத்துக்காக அமைந்த முறை அது. நம் டேக் உலகம் தலைகீழ். அனுப்புகிறவன் ஏழை. வாங்குகிற ரீடர் சுவரில் பிளக் மாட்டிய பணக்காரன். சுமையை இடம் மாற்ற வேண்டும்.

மாற்ற முடியும் என்று கணிதம் 1973-இலேயே சொல்லிவிட்டது. டேவிட் ஸ்லெபியன், ஜாக் உல்ஃப் இருவரும் எழுதிய தேற்றம். 1976-இல் ஆரன் வைனர், ஜேக்கப் ஸிவ் அதை இன்னும் நீட்டினார்கள். தேற்றத்தின் பெயரைக் கேட்டு எழுந்துவிடாதீர்கள், தினமும் நீங்கள் செய்வதுதான். யாராவது மணி கேட்டால் என்ன சொல்கிறீர்கள்? "அஞ்சரை" என்கிறீர்கள். காலை அஞ்சரையா மாலை அஞ்சரையா என்று சொல்வதில்லை. கேட்டவருக்கு வெளியே வெளிச்சம் தெரிகிறது, பால்காரர் வந்தாரா என்று தெரியும். அவருக்கு ஏற்கெனவே தெரிந்த பாதியை நீங்கள் அனுப்பவில்லை. இதில் அழகு என்னவென்றால், அவர் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பதை நீங்கள் விசாரிக்கவும் இல்லை.

புள்ளிக்கு வாருங்கள். ரீடரிடம் முந்தைய படம் இருக்கிறது, அதில் ஒரு புள்ளியின் வெளிச்சம் 100. இப்போது டேக் பார்ப்பது 102. டேக்குக்கு முந்தைய படம் நினைவில் இல்லை, வைத்துக்கொள்ள வசதியும் இல்லை. அது 102-ஐ எட்டால் வகுத்து மீதி 6 என்று மட்டும் அனுப்புகிறது. ரீடர் யோசிக்கிறது: எட்டால் வகுத்தால் 6 மீதி வருவது 94, 102, 110. போன தடவை 100. அதற்கு மிக அருகில் இருப்பது 102. முடிந்தது. எட்டு பிட் போக வேண்டிய இடத்தில் மூன்று பிட் போனது. டேக் செய்தது ஒரு வகுத்தல், அதுவும் கடைசி மூன்று பிட்டை மட்டும் எடுத்துக்கொள்ளும் வேலை. வகுத்தல் என்று சொல்வதே அதிகம்.

ஆனால் புள்ளி மூன்றுக்கு மேல் மாறியிருந்தால்? அறைக்குள் யாரோ திடீரென்று நுழைந்துவிட்டால்? ரீடர் தப்பாக ஊகிக்கும், படத்தில் பேய் தெரியும். அப்போது அந்தக் கட்டத்தை மட்டும் முழுதாகக் கேட்டு வாங்க வேண்டும். எப்போது கேட்பது, எவ்வளவு கேட்பது என்பதில்தான் பல வருட ஆராய்ச்சி போயிருக்கிறது. 2002 வாக்கில் பெர்க்லியில் கண்ணன் ராமச்சந்திரன் குழுவும், ஸ்டான்ஃபோர்டில் பெர்ன்ட் கிரோட் குழுவும் இந்த வழியில் வீடியோவையே சுருக்கிக் காட்டினார்கள். சுருக்கும் திறனில் அது நடப்பு முறைகளை எட்டவில்லை. அதனால் செல்போனுக்குள் வரவில்லை. ஏழையின் நோக்கில் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும்.

இப்போது தெரெமினிடம் திரும்புவோம்.

கேமராவுக்குள் வெளிச்சம் பட்டதும் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மின்னழுத்தம் எழுகிறது. அதுவரை செலவு மிகக் குறைவு. அந்த மின்னழுத்தத்தை எண்ணாக்குவது, எண்ணைச் சுருக்குவது, சுருக்கியதை ரேடியோவில் அனுப்புவது, இவைதான் மின்சாரத்தைத் தின்கின்றன. ரேடியோவைப் பின்சிதறல் தூக்கிவிட்டது. மற்ற இரண்டையும் ஏன் வைத்திருக்கிறோம்? அதே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஷ்யாம் கொல்லகோட்டாவும் ஜோஷுவா ஸ்மித்தும் தங்கள் மாணவர்களோடு இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். 2018 ஏப்ரலில், வாஷிங்டன் மாநிலத்தின் ரென்டன் ஊரில் நடந்த மாநாட்டில் விடையைச் சொன்னார்கள்: எண்ணாக்கவே வேண்டாம். புள்ளியின் மின்னழுத்தத்தை ஒரு முக்கோண அலையோடு ஒப்பிட்டால், வெளிச்சத்துக்கு ஏற்ப அகலம் மாறும் துடிப்பு கிடைக்கும். அதை நேரே ஆன்டெனா சுவிட்சில் கொடு. வெளிச்சமான புள்ளியும் இருண்ட புள்ளியும் துடிப்பின் அகலத்திலேயே தெரிந்துவிடும். படமாகத் தொகுப்பது ரீடர் பாடு.

அதில் எனக்கு மிகப் பிடித்தது ஒரு சின்ன தந்திரம். டிவியில் படத்தை வரி வரியாக, எப்போதும் இடமிருந்து வலமாகப் படிப்பார்கள். வரி முடிந்து அடுத்த வரிக்குத் தாவும்போது வெளிச்சம் சட்டென்று மாறும். அந்தத் திடீர் மாற்றம் அலைவரிசையில் கூடுதல் இடம் கேட்கும். இவர்கள் படத்தை ஏர் உழுவது போல் படித்தார்கள். உழவர் சால் முடிந்ததும் மாட்டை ஓட்டிக்கொண்டு பழைய பக்கத்துக்கே நடந்து வருவாரா? அங்கேயே திருப்பி அடுத்த சாலைப் பிடிப்பார். பக்கத்துப் புள்ளிகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருப்பதால் சிக்னல் நிதானமாக ஏறி இறங்கும், அலைவரிசை மிச்சம். இதற்குக் கணக்குப் போடும் சிப் வேண்டாம், படிக்கும் வரிசையை மாற்றினால் போதும்.

நொடிக்கு 10 படம், 720 வரி எச்டி வீடியோ, 16 அடி தூரம் வரை. அவர்கள் காட்டியது இதுதான். எண்ணாக்கி அனுப்பியிருந்தால் சுருக்காத நிலையில் நொடிக்கு 7 கோடியே 37 லட்சம் பிட். வழக்கமான டேக் அதிகபட்சம் பேசுவது 6 லட்சத்து 40 ஆயிரம். நூறு மடங்குக்கு மேல் இடைவெளி.

பத்திரிகைகளில் இது 'பேட்டரியில்லா எச்டி கேமரா வந்துவிட்டது' என்று வந்தது. அது முழு உண்மை அல்ல. புள்ளியின் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் முன்பே வெளியே எடுத்துக்கொடுக்கும் எச்டி கேமரா சிப் கடையில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் ஏற்கெனவே எடுத்த வீடியோவை மின்னழுத்தமாக மாற்றி, கேமரா கொடுப்பது போல ஊட்டி அனுப்பினார்கள். கட்டுரையில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்கள். நிஜக் கேமராவை வைத்து அவர்கள் செய்த முந்தைய வடிவம் 112-க்கு 112 புள்ளிகள்தான். நொடிக்கு 13 படம், ஆனால் தூரம் 150 அடி. என்னைக் கேட்டால் அந்தச் சின்னப் படம்தான் பெரிய சாதனை.

இன்னொரு லாபமும் உண்டு. தூர்தர்ஷன் காலத்தில் மொட்டைமாடியில் ஆன்டெனாவைத் திருப்பியவர்களுக்குத் தெரியும்: சிக்னல் குறைந்தால் படத்தில் எறும்பு ஓடும், ஆனால் செய்தி வாசிப்பவர் தெரிவார். இன்றைய டிஜிட்டலில் மழை பிடித்தால் படம் கட்டம் கட்டமாக உறைந்து நின்றுவிடும், பிறகு ஒன்றுமே இல்லை. டேக்குக்குக் கிடைக்கும் சிக்னல் ஆள் குறுக்கே நடந்தாலே ஆடும். அதற்கு எறும்பு ஓடும் படம்தான் ஏற்றது.

நம் நாட்டுக்கு இது சரிப்படுமா? அமெரிக்காவில் இந்த வேலைக்கு 902 முதல் 928 வரை 26 மெகாஹெர்ட்ஸ் திறந்து கிடக்கிறது. நமக்கு 2005-இல் உரிமமின்றித் திறந்துவிட்டது 865 முதல் 867 வரை (பிறகு 868 வரை நீட்டினார்கள்), அதிலும் ஒரு அலைக்கு 200 கிலோஹெர்ட்ஸ் அகலம். நொடிக்கு 92 லட்சம் புள்ளி அந்தச் சந்துக்குள் நுழையாது. ஆக, எச்டி கனவை இங்கே அப்படியே இறக்க முடியாது. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. நமக்கு வேண்டியது சினிமா அல்ல.

விஸ்ப்கேம் குழுவினர் காட்டிய பயன்களில் ஒன்று, இயந்திரங்களில் இருக்கும் முள் மானியைப் படமெடுத்துப் படிப்பது. இதை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். சாயப்பட்டறையின் பாய்லரில், குடிநீர் நீரேற்று நிலையத்தில், எத்தனை அழுத்தமானிகள்! ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு மணிக்கொரு தரம் சுற்றிவந்து எழுதுகிறார், சில சமயம் சுற்றாமலும் எழுதுகிறார். பழைய மானியைக் கழற்றவேண்டாம், கம்பி இழுக்கவேண்டாம், பேட்டரி மாற்ற ஏணி வைக்கவேண்டாம். எதிரே ஒரு சிறு கேமரா டேக். முள் எங்கே நிற்கிறது என்று பார்க்க 112 புள்ளி தாராளம். நிமிடத்துக்கு ஒரு படம் வந்தால் போதும், 200 கிலோஹெர்ட்ஸே ஏராளம். படத்தில் மாறுவது முள் ஒன்றுதான். நான் சொன்ன மீதிக் கணக்கு இதற்கென்றே பிறந்தது போல இருக்கும்.

ரேடியோ எளிதில் நுழையாத நீருக்கடியில் எம்ஐடியின் ஃபாடெல் அடிப் குழு 2022-இல் இதே கொள்கையை ஒலியலையில் செய்து, பேட்டரியில்லாமல் வண்ணப்படம் எடுத்தது. அதைப் பேச இன்னொரு மாலை வேண்டும்.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். பேட்டரி இல்லாத கேமராவில் சிவப்பு விளக்கு எரியாது, சூடு இருக்காது, சார்ஜ் தீராது. தூதர் வீட்டு மரமுத்திரை ஏழு வருடம் தொங்கியது நினைவிருக்கட்டும். எண்ணாக்காமல் அனுப்பும் படத்தை, சிக்னல் எட்டும் தூரத்தில் இருக்கும் யாரும் பிடிக்கலாம். பூட்டுப் போடுவது எளிதல்ல. ஆறுதல் ஒன்று உண்டு. இந்தக் கேமரா பார்க்க வேண்டுமானால் யாரோ ஒருவர் பக்கத்தில் இருந்து அலையைப் பாய்ச்சியே ஆக வேண்டும். அந்த அலையை ஒளிக்க முடியாது. விடுதி அறைகளிலும் உடைமாற்றும் அறைகளிலும் 865 மெகாஹெர்ட்ஸில் யாராவது ஓயாமல் கத்துகிறார்களா என்று காட்டும் ஒரு மலிவான கருவியை இந்தக் கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டுத் திட்டமாகச் செய்யலாம். கேமராவைச் செய்வதைவிட அது சுலபம், அவசரமும் அதற்குத்தான்.

கேள்விகளுக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். அதற்குள் இந்த ஃபாஸ்டேக்கைக் கைமாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். கிழிந்த ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்தால் கோலம் நன்றாகத் தெரியும். நடுவில் இருக்கும் புள்ளியைச் சுரண்டிவிடாமல் பெரியவரிடம் கொடுத்துவிடுங்கள். கடைசியாக அவரிடம் வாங்கிக்கொள்கிறேன்.